தனியாக மேடை ஏறுகிறவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் கிடார் வாசித்துக்கொண்டு தனியாகப் பாடுகிறவன். சிறிய அரங்குகள், தனியார் விழாக்கள் என்று கிடைக்கிற இடத்தில் பாடுகிறேன். வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் செய்கிறேன் என்றாலும் இதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. பாட்டைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் சிலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆனால் ஒருமுறை கூப்பிட்ட இடத்திலிருந்து இரண்டாவது அழைப்பு வருவதே இல்லை.

போன நிகழ்ச்சியில் அரை மணி நேரம் தாமதமாகத்தான் ஆரம்பிக்க முடிந்தது. நடுவில் கிடார் சத்தம் மங்கி, கரகரவென்று ஆகிவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள். முடிந்தபின் ஏற்பாட்டாளரிடம் நேராகவே கேட்டேன். "நல்லாத்தான் பாடுறீங்க, இன்னும் கொஞ்சம் புரொஃபஷனலா இருக்கணும்" என்றார். நண்பர்களிடம் சொன்னால், "அதெல்லாம் ஆபீஸ்காரங்க பேச்சு, நீ கலைஞனா இரு" என்கிறார்கள். எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது. நீங்கள் பல வருடங்களாகத் தனியாக மேடை ஏறுகிறவர். இந்தத் தொழில்முறைப் பழக்கங்கள் என்றால் உண்மையில் என்ன? அவை பாட்டின் உயிரைக் குறைத்துவிடாதா?

அன்புடன்,
சி.

அன்புள்ள சி.,

அந்த ஏற்பாட்டாளர் உங்கள் மேல் அக்கறை உள்ளவர். பெரும்பாலானவர்கள் இதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். பேசாமல் அடுத்தமுறை வேறு ஒருவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. குழுவாக வாசிக்கும்போது ஒருவருக்குத் தந்தி அறுந்தால் மற்றவர்கள் பாட்டை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் ட்யூன் செய்கிற நேரத்தில் இன்னொருவர் பேசுவார். தனியாக நிற்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. பாட்டு, வாத்தியம், பேச்சு, சத்தத்தின் அளவு, நேரம், எதிரே இருப்பவர்களின் முகம் எல்லாம் ஒரே தலைக்குள் ஓடவேண்டும். இந்தக் கேபிள் தாங்குமா என்ற சந்தேகத்துக்குப் போகிற கவனம், பாட்டுக்குப் போகவேண்டிய கவனத்திலிருந்துதான் கழிகிறது. ஆகவே மேடைக்கு வெளியே முடித்துவிடக்கூடிய எதையும் மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. பழக்கம் என்று நான் சொல்வது இவ்வளவுதான். நீங்கள் உயிர் என்கிறீர்களே, அதற்கு இடம் விடத்தான் இத்தனை ஏற்பாடும்.

நீங்கள் சொன்ன மூன்று சங்கடங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தாமதம். நான் பார்த்தவரை தாமதம் வழியில் நடப்பதைவிட, வந்து சேர்ந்தபின் நடப்பதுதான் அதிகம். ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஐந்தரைக்கு வந்தால் நேரத்தோடு வந்துவிட்டதாகத் தோன்றும். பிளக் பாயின்ட் எங்கே என்று தேடி, ஸ்டாண்டை விரித்து, கேபிள் போட்டு, ஒலி அமைப்பாளர் வேறு வேலையாக வெளியே போயிருந்தால் அவருக்காகக் காத்திருந்து, கடைசியில் ஆறரை ஆகிவிடும். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். உள்ளே எப்போது வரலாம், சவுண்ட் செக் (ஒலியை முன்கூட்டிச் சரிபார்ப்பது) எப்போது, ஆட்களை எப்போது உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்கு முடிக்கவேண்டும் என்று நான்கையும் கேளுங்கள்.

யாருடைய காரணத்தால் தாமதமானாலும் சரி, பேசிவைத்த நேரத்துக்கே முடித்துவிடுங்கள். ஏற்பாட்டாளராகச் சொன்னால் மட்டும் நீட்டிக்கலாம். இதில் நான் மிகவும் கறாரானவள். உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் பாட இருக்கலாம், அரங்கைப் பூட்டவேண்டியவர் காத்திருக்கலாம். பாட்டு நன்றாகத்தான் போகிறது, இன்னும் இரண்டு பாடிவிடலாம் என்று அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறவரை யாரும் விரும்பிக் கூப்பிடமாட்டார்கள்.

சவுண்ட் செக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தனிக் கலைஞர்கள் வீணடிக்கிற நேரம் அதுதான். போனதும் ஒலி அமைப்பாளரைத் தேடிப் போய்ப் பெயர் கேட்டுக்கொள்ளுங்கள். "ஒரு குரல், ஒரு கிடார். கிடாரில் பிக்கப் இருக்கிறது, டிஐ பாக்ஸ் வேண்டும். மானிட்டரில் குரல் கொஞ்சம் தூக்கலாக வேண்டும்" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. (பிக்கப், தந்தியின் ஒலியை மின் சிக்னலாக்குகிற கருவி. மானிட்டர், பாடுகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள மேடையில் வைக்கிற ஸ்பீக்கர்.) கிடார் கேபிளை நேராக மிக்சர் (ஒலிகளைக் கலந்து அளவு வைக்கிற கருவி) வரை இழுத்தால், ஆறேழு மீட்டரைத் தாண்டும்போது இரைச்சல் ஏறும், பிக்கப்பைப் பொறுத்து மேல் ஸ்தாயியின் தெளிவும் குறையலாம். டிஐ பாக்ஸ் அந்தச் சிக்னலை நீண்ட தூரம் இரைச்சலில்லாமல் போகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். உம்மென்று ஒரு ரீங்காரம் கேட்டால் அதிலேயே கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டிப் பார்க்கலாம்.

அப்புறம், செக்கில் முணுமுணுக்காதீர்கள். பலர் "ஹலோ, ஒன், டூ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நிகழ்ச்சியில் அதைப்போலப் பல மடங்கு உரக்கப் பாடுவார்கள். அவர் வைத்த அளவெல்லாம் அங்கேயே பிசகிவிடும். உங்கள் பட்டியலில் மிக உரத்த பாட்டின் உச்சத்தையும் மிக மென்மையான பாட்டின் தொடக்கத்தையும், நிஜமாகப் பாடுகிற பலத்தோடு பாடிக் காட்டுங்கள். காலி அரங்கில் எதிரொலி அதிகமாகவும் ஓசை கூர்மையாகவும் இருக்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் அவர்களுடைய உடலும் உடையும் மேல் அலைவரிசைகளை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காலி அரங்கில் கொஞ்சம் பளிச்சென்று கேட்டால் பதற்றப்பட வேண்டாம்.

மானிட்டரை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சுற்றிலும் சத்தம் இருக்கும்போது மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911இல் இதை விவரித்தவர் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் பெயராலேயே இதை லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் கத்த ஆரம்பிப்பார். ஸ்ருதி விலகும், நாலாவது பாட்டில் தொண்டை கட்டும். "என் குரல் எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்ல ஒருபோதும் கூச்சப்படாதீர்கள். அதையே கடுகடுப்பாகச் சொல்லாமல் இருப்பதும் முக்கியம். ஒலி அமைப்பாளர் அன்றைக்கு உங்கள் குழுவின் ஒரே உறுப்பினர்.

மைக் கூவினால், அதன் தலையைக் கையால் பொத்தாதீர்கள். பாடுகிறவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கார்டியாய்டு மைக், பின்புறத்துச் சத்தத்தை ஒதுக்குகிற மாதிரி அமைக்கப்பட்டது. பொத்தினால் அந்தத் தன்மை போய் இன்னும் அதிகமாகக் கூவும். மானிட்டரை மைக்கின் முதுகுப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மைக்கை உதட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனால் குரலில் கனம் கூடும். மென்மையான வரிக்கு அருகே வந்து, உச்சத்தில் சற்று விலகுவதை வீட்டிலேயே மைக் வைத்துப் பழகவேண்டும்.

இரண்டாவது, கிடார் மங்கியது. நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அநேகமாகப் பேட்டரிதான். பிக்கப் உள்ள பெரும்பாலான அக்கூஸ்டிக் கிடார்களில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகுகிற துளையேதான் அதற்குச் சுவிட்ச். கேபிள் செருகியே கிடந்தால், நீங்கள் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். சவுண்ட் செக் முடிந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தீர்கள் என்றால் அந்த இரண்டு மணி நேரமும் அது வேலை செய்திருக்கிறது. கேபிளைக் கழற்றும் முன் ஒலி அமைப்பாளரிடம் சொல்லி அந்தச் சேனலை மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டப் என்று ஸ்பீக்கரில் அடிக்கும். முக்கியமான நிகழ்ச்சிக்கு முன் புதுப் பேட்டரி போடுங்கள், பையில் இன்னொன்று இருக்கட்டும்.

தந்தியும் அப்படித்தான். புதுத் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஸ்ருதி நிற்காது. முந்தைய நாள் மாற்றி, கையால் மெல்ல இழுத்துவிட்டு, திரும்பத் திரும்ப ட்யூன் செய்துவையுங்கள். நைலான் என்றால் ஸ்ருதி நிற்கச் சில நாட்கள்கூடத் தேவைப்படும். மேடை விளக்கின் சூட்டிலும் தந்தி தளரும் என்பதால், உள்ளே அறையில் வைத்த ஸ்ருதியை நம்பாமல் விளக்குக்குக் கீழே நின்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிடாரின் தலையில் மாட்டுகிற ட்யூனர் அதிர்வை வைத்து வேலை செய்வதால் கூட்டத்தின் சத்தம் அதைப் பாதிக்காது.

எப்போதும் கட்டியே இருக்கிற பை ஒன்று வேண்டும். மாற்றுத் தந்தி, இரண்டு கேபிள், கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடித்து ஸ்ருதியை ஏற்றுகிற கிளிப்), பேட்டரி, சின்ன டார்ச், கேபிளைத் தரையோடு ஒட்டுவதற்குப் பசை படியாத காஃபர் டேப். இந்தப் பையிலிருந்து வீட்டு உபயோகத்துக்கு எதையும் எடுக்கக் கூடாது.

நடுப்பாட்டில் தந்தி அறுந்தால் என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். வாத்தியம் இல்லாமல் பாடக்கூடிய ஒரு பாட்டு கைவசம் இருக்கட்டும். மற்றபடி, தவறு நேர்ந்தால் தாளத்தை விடாமல் போய்க்கொண்டே இருங்கள். தவறான ஸ்வரத்தைக் கவனிக்காத பலர், அதற்கு நீங்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துவிடுவார்கள்.

மூன்றாவது, பேசிக்கொண்டிருந்த கூட்டம். உங்களுக்கு அதிகம் வலித்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இதற்கு அந்த இடத்தில் செய்யக்கூடியது குறைவு. ஒப்புக்கொள்ளும்போதே கேட்டிருக்கவேண்டும்: இது உட்கார்ந்து கேட்கிற நிகழ்ச்சியா, அல்லது மனிதர்கள் சந்தித்துப் பேசுவதற்குப் பின்னணியாக இசை வேண்டுமா? இரண்டும் மரியாதையான வேலைதான். பின்னணி இசை கேட்ட இடத்தில், பேசுகிறார்களே என்று வருத்தப்பட நமக்கு உரிமை இல்லை. கேட்க வந்த கூட்டம் பேசுகிறது என்றால், சத்தத்தைக் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள். அதே லொம்பார்ட் விளைவு. நான் அப்போது மென்மையான பாட்டுக்குப் போவேன். கேட்கிற நான்கு பேரைப் பார்த்துப் பாடுவேன். ஒருபோதும் கடிந்துகொள்ள மாட்டேன்.

கூட்டம் கலைவதற்குப் பல நேரங்களில் நாமே காரணம். இரண்டு பாட்டுக்கு நடுவில் சத்தமாக ட்யூன் செய்துகொண்டு, அடுத்து என்ன பாடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றால் பேச்சு தொடங்கத்தான் செய்யும். வரிசையை எழுதி, பெரிய எழுத்தில் தரையில் ஒட்டிவிடுங்கள். நாலு நிமிடப் பாட்டு என்றால் 45 நிமிடத்துக்குப் பத்து போதும். கேப்போவும் ட்யூனிங்கும் மாறுகிற பாட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வையுங்கள். முதல் பாட்டு, குரல் முழுதாகச் சூடேறாமலே பாடிவிடக்கூடியதாக இருக்கட்டும். நேரம் குறைந்தால் விடவேண்டிய இரண்டு பாட்டை முன்பே குறித்துவையுங்கள்.

ஒப்பந்தம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொகை, முன்பணம், நேரம், ஒலி அமைப்பு யார் பொறுப்பு, ரத்தானால் என்ன என்பவற்றை ஒரு செய்தியாக எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். சொந்தப் பாட்டு பாடுகிறவர் என்றால் உங்கள் நாட்டின் இசை உரிமைச் சங்கத்தில் பதிந்து, பாடிய பாட்டுகளின் பட்டியலைக் கொடுக்கிற பழக்கமும் வேண்டும். 1847இல் பாரிஸில் ஓர் உணவகத்தில் தன் பாட்டை வாசிக்கக் கேட்ட எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர், 'என் பாட்டைக் காசு கொடுக்காமல் வாசிக்கிறீர்கள், நான் மட்டும் ஏன் பில் கட்டவேண்டும்' என்று மறுத்து வழக்காடி வென்றார். அதைத் தொடர்ந்துதான் 1851இல் பிரான்ஸின் இசை உரிமைச் சங்கமான சாசெம் உருவானது. அவர்கள் போராடி வாங்கித் தந்த உரிமையை நாம் சோம்பலால் விடக் கூடாது.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பணியிடங்களுக்கான அமெரிக்க நியோஷ் அமைப்பின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உங்களுக்கு முன்னால் பாடுகிறவர்களின் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்காதீர்கள், இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்று குழம்ப வேண்டாம். அடுத்த நிகழ்ச்சியில் கைப்பேசியை அரங்கின் பின்பக்கம் வைத்து முழுவதையும் பதிவு செய்யுங்கள், பாட்டு முடிந்தபின் வருகிற இடைவெளிகளையும் சேர்த்து. சில நாள் கழித்துக் கேளுங்கள். அந்த இடைவெளிகளில் நீங்கள் என்னென்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள், அதில் எதையெல்லாம் வீட்டிலேயே முடித்திருக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா