உப்பளமா, பனியா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தந்தையார் நாகர்கோவிலில் நாற்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவர். அவர் விட்டுச்சென்ற கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பூஞ்சை பிடிக்காமல் தப்பியவை ஏறக்குறைய ஆறாயிரம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். படங்களுக்குத் தானே பெயரிட்டு, கேட்டால் தேடியும் தரும் செயலி ஒன்றை நண்பர் பரிந்துரைத்தார். நாகர்கோவிலை அடுத்த புத்தளம் உப்பளத்தில் எடுத்த படங்களுக்கெல்லாம் அது 'பனி' என்று பெயரிட்டிருக்கிறது. குளச்சல் கட்டுமரங்கள் 'விறகு' ஆகிவிட்டன. 'சாளை' என்று மீனின் பெயரைக் கொடுத்துத் தேடினால் ஒன்றுமே வருவதில்லை. இந்த இயந்திரம் உண்மையிலேயே பார்க்கிறதா, அல்லது குருட்டாம்போக்கில் ஊகிக்கிறதா? ஊகம்தான் என்றால் ஆறாயிரத்துக்கும் நானே உட்கார்ந்து எழுதிவிடுவது மேல் அல்லவா? நெகட்டிவ் உறைகளின் மேல் அப்பா பென்சிலில் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. ஸ்கேன் முடிந்துவிட்டதால் உறைகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகர்
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஊகிக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்களுக்கு நேர்ந்த தொல்லைக்கு அந்த ஊகம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இத்தகைய நிரல் ஒரு படத்தைப் பார்த்ததும் அதற்குரிய ஒரே சொல்லைக் கண்டுபிடித்துவிடுவதில்லை. தனக்குத் தெரிந்த சொற்கள் அனைத்துக்கும் நிகழ்தகவைப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. பனிக்கு இவ்வளவு, மணலுக்கு இவ்வளவு, பஞ்சுக்கு இவ்வளவு, உப்புக்கு இவ்வளவு. பிறகு செயலியை வடிவமைத்தவர்கள் அந்தப் பட்டியலின் தலையில் நிற்கும் சொல்லை மட்டும் எடுத்துப் படத்தின் மேல் ஒட்டிவிட்டு, மற்றவற்றைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறிந்தவற்றில்தான் உங்கள் உப்பு கிடந்திருக்கும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக நானாக வைத்துக்கொண்டவை. புத்தளம் படத்துக்கு நிரல் பனி 0.90, உப்பு 0.03 என்று சொன்னதாகக் கொள்வோம். உப்பைப்போல் 30 மடங்கு வாய்ப்பு பனிக்கு. அந்த நிரலைப் பயிற்றுவித்த தொகுப்பில் ஓர் உப்புக் குவியல் படத்துக்கு 100 பனிப் படங்கள் இருந்தன என்றும் கொள்வோம். அப்படியானால், உங்கள் படத்தைக் காட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தால் அது பனிக்கு 100 மடங்கு வாய்ப்பு என்று சொல்லியிருக்கும். படத்தைக் கண்ட பிறகு அந்த 100, 30 ஆக இறங்கியிருக்கிறது. இறக்கியது படத்தில் இருந்த சான்று: குவியலின் கூம்பு வடிவம், பாத்தி வரப்புகளின் நேர்க்கோடுகள், தண்ணீரில் தெரியும் நிழல். 30ஐ 100ஆல் வகுத்தால் 0.3. அதாவது, படத்தை மட்டும் பேசவிட்டிருந்தால் அது உப்பின் பக்கம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பேசியிருக்கும். பனி என்று சாதித்தது பயிற்சித் தொகுப்பிலிருந்து அது கொண்டுவந்த முன்சாய்வு.

இப்போது அந்த முன்சாய்வைக் கழித்துவிட்டு உங்கள் ஊரின் முன்சாய்வை வைத்துப் பாருங்கள். புத்தளத்தில் வெண்பனி விழுந்து யாரும் கண்டதில்லை. தந்தையார் எப்போதோ வடக்கே சுற்றுலா போய்ப் பனிமலையைப் படமெடுத்திருக்கலாம் என்பதற்காக, 50 உப்பளப் படங்களுக்கு ஒரு பனிப் படம் என்று தாராளமாகவே ஒதுக்கினாலும், உப்புக்கான வாய்ப்பு பனியைப்போல் 160 மடங்குக்கு மேல் போய்விடுகிறது. படம் அதேதான், நிரலும் அதேதான். வகுத்துப் பெருக்கியதுதான் புதிது. இந்த வகுத்தலும் பெருக்கலும் மேல்நிலைப் பள்ளிக் கணக்கில் வரும் பேயீஸ் தேற்றமே. தாமஸ் பேயீஸ் இறந்த பிறகு அவருடைய நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் ராயல் சொசைட்டியின் வழியாக வெளிக்கொணர்ந்த கட்டுரையில் அதன் வேர் இருக்கிறது. உங்கள் படங்கள் கறுப்பு வெள்ளை என்பதையும் மறக்கக் கூடாது. வண்ணம் போனால் சான்றின் ஒரு பகுதி போய்விடுகிறது. சான்று மெலிந்த இடத்தில் முன்சாய்வுதான் ஓங்கி நிற்கும். (பனி என்ற சொல்லே நமக்குத் தனித் தலைவலி. மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி.)

சொல்லையும் படத்தையும் இணைக்க இயந்திரம் எப்படிக் கற்கிறது என்பது உங்கள் தந்தையாரின் உறைகளோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2002இல் பினார் துய்குலு, கோபஸ் பர்னார்ட், நாந்தோ டி ஃப்ரெய்டாஸ், டேவிட் ஃபோர்சைத் ஆகிய நால்வர் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்று பொருளை அடையாளம் காண்பதை ஒரு மொழிபெயர்ப்பாக எடுத்துக்கொண்டது. படத்தை நிறம், இழைநயம் முதலியவற்றைக் கொண்டு துண்டுகளாகப் பிரித்து, ஒத்த துண்டுகளை 500 வகைகளுக்குள் அடக்கினார்கள். துண்டுகள் ஒரு மொழி, சொற்கள் இன்னொரு மொழி. பயிற்சிக்குக் கிடைத்தவை 4,500 படங்களும் 371 சொற்களும். ஒவ்வொரு படத்தோடும் நாலைந்து சொற்கள் இருந்தன, ஆனால் எந்தச் சொல் எந்தத் துண்டுக்கு உரியது என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

அதை எப்படிப் பிரித்தெடுப்பது? இரண்டே படங்களை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் ஒரு நீலத் துண்டும் ஒரு பழுப்புத் துண்டும் உண்டு. உடன் எழுதியிருக்கும் சொற்கள் கடல், வள்ளம் (படகு). இரண்டாம் படத்தில் நீலத் துண்டு மட்டும், சொல் கடல். தொடக்கத்தில் எதுவும் தெரியாததால் எல்லாவற்றுக்கும் பாதிப்பாதி என்று வைக்கிறோம். முதல் சுற்றில் இரண்டாம் படத்தின் கடல் முழுமையாக நீலத்துக்குச் சேர்கிறது; முதல் படத்தின் இரு சொற்களும் இரு துண்டுகளுக்கும் பாதி பாதியாகப் போகின்றன. கூட்டிப் பார்த்தால் நீலத்தைக் கடல் என்று கொள்ளும் வாய்ப்பு 0.75 ஆகிறது. இந்தப் புதிய எண்ணைக் கொண்டு மறுபடியும் பங்கிட்டால் அது 0.83 ஆகிறது, கூடவே பழுப்பு வள்ளமாக இருக்கும் வாய்ப்பு 0.5இலிருந்து ஏறத்தாழ 0.63க்கு ஏறுகிறது. பழுப்பு என்றால் வள்ளம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடல் நீலத்தின் பக்கம் சாயச் சாய, வள்ளத்துக்கு மிஞ்சுவது பழுப்புதான் என்று கணக்கே ஒதுக்கிவிடுகிறது. தாள் பென்சிலோடு உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. ஒரு முறை செய்து பாருங்கள். எந்தச் சொல்லின் நிகழ்தகவும் ஒரு வரம்பைத் தாண்டாத துண்டுக்குப் பெயரே வைக்காமல் விட்டுவிடவும் அந்த நால்வரும் இடம் வைத்திருந்தார்கள். தெரியாது என்று சொல்லும் அந்த நாணயம் உங்கள் செயலிக்கு இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது.

பின்னர் 2012க்குப் பிறகு ஆழ்ந்த நரம்பு வலைப்பின்னல்கள் (பல அடுக்குகளாகக் கணக்கிட்டுக் கற்கும் நிரல்கள்) வந்து, துண்டு போடும் வேலையையும் நிறம் அளக்கும் வேலையையும் மனிதர் கையிலிருந்து வாங்கிக்கொண்டன. 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கிளிப் (CLIP) என்ற நிரல், இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி படம்–வாசக இணைகளைக் கொண்டு, படத்தையும் வாசகத்தையும், பொருந்துபவை அருகருகே வரும்படி, ஒரே வெளியில் புள்ளிகளாக வைக்கக் கற்றது. கருவி மிகவும் வளர்ந்துவிட்டது. ஆனால் சொல்லும் படமும் சேர்ந்தே வந்ததைப் பார்த்துப் பழகுவது என்ற அடிப்படை மாறவில்லை. எனவே யார், எந்தப் படத்துக்குப் பக்கத்தில், எந்தச் சொல்லை எழுதினார்கள் என்பதே இன்றும் முடிவு செய்கிறது.

கட்டுமரம் விறகானதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நம் கரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல் இன்று அங்கே இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகையே பெரும்பாலும் குறிக்கிறது. ஆங்கில வாசகங்களில் ஊறிய நிரலிடம் அந்தச் சொல்லைத் தந்தால் வெள்ளை உல்லாசப் படகு நினைவுக்கு வரும். குளச்சலில் கயிறு கட்டிய நான்கு மரங்களைக் காட்டினால் சொல்லே வராது, அடுக்கிய மரம் என்ற அளவில் விறகுதான் வரும்.

இதைப் படித்ததும், உறைகளில் அப்பா எழுதியதை அப்படியே பயிற்சிக்குக் கொடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கொடுக்கலாம், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. முட்டத்துப் பாறையில் நின்று படமெடுத்தவர் உறையில் 'கடல்' என்று எழுதியிருக்க மாட்டார். கண்முன்னே விரிந்து கிடப்பதை எழுதுவானேன்? ஆள் பெயரை எழுதியிருப்பார், கோயில் கொடை என்று எழுதியிருப்பார், பாக்கித் தொகையைக்கூட எழுதியிருப்பார். எழுதாததெல்லாம் படத்தில் இல்லை என்று கொள்ளும் கணக்கு, கடல் நிறைந்த நூறு படங்களைக் கடல் இல்லாதவை என்று கற்றுக்கொள்ளும். ஆகவே குறிப்பில் இருப்பதைச் சான்றாகக் கொள்ளுங்கள், இல்லாததை எதற்கும் சான்றாகக் கொள்ளாதீர்கள். நிரல் எழுதித் தருபவரிடமும் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

தேடலுக்கு வருகிறேன். ஒரு படத்துக்கு ஐந்து பெயர் மட்டும் என்று ஒட்டிவிட்டால், வள்ளம் ஆறாவது இடத்தில் நின்ற படம் 'வள்ளம்' என்ற தேடலில் எப்போதும் சிக்காது. பெயர் ஒட்டாமல் நிகழ்தகவுகளை மட்டும் வைத்துக்கொண்டால், தேடும்போது ஆறாயிரம் படங்களையும் வள்ளத்துக்கான எண்ணின் இறங்குவரிசையில் நிறுத்திவிடலாம். சந்தேகத்துக்குரிய படம் கீழே போகும், தொலைந்து போகாது. பொறுமை உள்ளவர் இறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்வார். அந்த எண்களை அப்படியே நம்பலாமா என்றால், கூடாது. இன்றைய நரம்பு வலைப்பின்னல்கள் தம்மைப் பற்றிக் கூடுதலாகவே நம்பிக்கை கொள்கின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது. சோதிப்பது எளிது: வள்ளம் 0.7 என்று நிரல் சொன்ன படங்களில் நூற்றை எடுத்து எண்ணுங்கள். எழுபதை ஒட்டி வள்ளம் இருந்தால் எண்ணுக்கு மதிப்புண்டு. நாற்பதில்தான் இருக்கிறது என்றால் எல்லா எண்களையும் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் எளிய திருத்தக் கணக்குகள் உண்டு.

சாளை வராததற்குக் காரணம் வேறு. சொற்பட்டியலில் இல்லாத சொல்லுக்குச் சிறு பங்குகூடக் கிடையாது, சுழிதான். இனி நீங்களே சேர்த்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. நாம் சாளை என்பதைச் சென்னையில் மத்தி என்பார்கள்; நம் அயிலை அங்கே கானாங்கெளுத்தி; நம் நெய்மீன் வஞ்சிரம். இரு பெயர்களும் கலந்து எழுதிய தொகுப்பில் பயின்ற நிரல், ஒரே மீனைப் பார்த்துச் சாளை 0.45, மத்தி 0.45 என்று சொல்லும். பாதியைத் தாண்டினால்தான் பெயர் என்று வரம்பு வைத்திருந்தால் இரண்டுமே விழுந்துவிடும். மீனைப் பற்றி அதற்கு ஐயமே இல்லை. பெயரைப் பற்றித்தான் ஐயம். ஆகவே இவை ஒன்று என்று ஒரு சிறு அட்டவணையில் எழுதிக் கொடுத்துவிட்டால், தேடும்போது இரண்டையும் கூட்டி 0.90 என்று எடுத்துக்கொள்ளும். அந்த அட்டவணையை எழுத கணினி படித்தவர் தேவையில்லை. குளச்சல் ஏலக்கூடத்தில் ஒரு காலைப்பொழுது நின்றால் போதும்.

ஆறாயிரத்துக்கும் நீங்களே எழுத வேண்டாம். முந்நூறு எழுதுங்கள். அவற்றில் பாதியைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். உங்கள் தொகுப்பில் உப்பு எத்தனை, பனி எத்தனை என்ற உண்மையான முன்சாய்வு அதிலிருந்துதான் கிடைக்கும். மறுபாதியை நிரல் மிகவும் தடுமாறும் படங்களிலிருந்து, அதாவது முதல் இரண்டு சொற்களும் ஏறத்தாழச் சம எண்ணில் நிற்கும் படங்களிலிருந்து எடுங்கள். நீங்கள் எழுதும் சொல்லுக்கு அங்கேதான் பலன் மிகுதி. நீங்கள் எழுதியதையும் இயந்திரம் ஊகித்ததையும் ஒரே கட்டத்தில் கலக்காமல் தனித்தனிக் கட்டத்தில் வையுங்கள். கலந்துவிட்டால் அதன் ஊகமே அடுத்த முறை அதற்குப் பாடமாகிவிடும்.

உறைகளை எந்தக் காரணத்துக்காகவும் பேப்பர் கடைக்கு அனுப்பாதீர்கள். அவற்றையும் ஸ்கேன் செய்து, எந்த உறை எந்த நெகட்டிவுக்கு உரியது என்ற எண்ணைப் படக்கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் படமெடுங்கள். அழுத்திய தடம் தெரியும்.