காகத்துக்குக் கையா, இறக்கையா?

கேள்வி: ஃபர்ரி (மனிதரைப் போல நடந்து பேசும் விலங்கு) கதாபாத்திரமாக ஒரு காகம் வரைகிறேன். இறக்கையையே கையாக்கினால் எதையும் பிடிக்க முடியவில்லை. முதுகில் தனியாக இறக்கை வைத்தால் தேவதை மாதிரி ஆகிவிடுகிறது. அலகு இருப்பதால் சிரிப்பும் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதுகு இறக்கையை விட்டுவிடுங்கள். தப்பு ஒன்றும் இல்லை, பலர் அப்படி வரைகிறார்கள்தான். ஆனால் உங்களுக்கே உறுத்துகிறதே!

பறவையின் இறக்கை உண்மையில் கைதான். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உள்ளே இருக்கின்றன. விரல்கள் மட்டும் மூன்றாகக் குறைந்துவிட்டன. அதனால் கட்டைவிரல் ஒன்று, மற்ற விரல் இரண்டு என்று மூன்றே கொடுங்கள். ஐந்து விரல் வைத்தால் கையுறை மாட்டிய மனிதன்தான் தெரிவான். அப்புறம் சிறகுகள். நீளமானவை உள்ளங்கைப் பகுதியிலிருந்தும், அடுத்த வரிசை முன்கை எலும்பிலிருந்தும் முளைப்பவை. அந்த இடங்களை மாற்றாதீர்கள். முன்கைச் சிறகுகள் தொளதொள ஜிப்பாவின் கை போலத் தொங்கட்டும். நீளச் சிறகுகளைக் கையின் வெளி ஓரத்தில் தொடங்குங்கள். மணிக்கட்டு மடங்கும்போது அவை பின்னால் போய் முன்கைச் சிறகுகளுக்கு அடியில் செருகிக்கொள்ளும். உள்ளங்கை காலியாகிவிடும், உங்கள் காகம் டீ கிளாஸைத் தாராளமாகப் பிடிக்கலாம்.

சிரிப்புக்காக அலகை வளைக்க வேண்டாம். அது எலும்பின் மேல் போர்த்திய கெட்டியான உறை. ரப்பர் மாதிரி வளைந்தால் மொத்த முகமும் பொய்யாகிவிடும். அலகு கன்னத்தோடு சேரும் மூலையை மட்டும் லேசாக உயர்த்துங்கள். மீதி வேலையைக் கண்ணும் இறகும் செய்யட்டும். பெரும்பாலான பறவைகளுக்குக் கீழ் இமைதான் அதிகம் அசையும், ஆகவே சிரிக்கும்போது அதை மேலே ஏற்றுங்கள். நிம்மதியாக இருந்தால் தலை இறகுகள் உப்பலாக இருக்கும். பயந்தால் உடலோடு ஒட்டி, கழுத்தே மெலிந்து நீண்டுவிடும். மொட்டைமாடியில் கரையும் காகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள், தொண்டை இறகு எப்படிச் சிலிர்க்கிறது என்று தெரியும்.

எந்தக் காகம் என்று நீங்கள் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் வீட்டுக் காகம்தான். அதன் சாம்பல் கழுத்து கறுப்பு முகத்தைத் தனியாக எடுத்துக் காட்டும். அண்டங்காக்கை என்றால் முழுக்கக் கறுப்பு, முகபாவம் அதில் மூழ்கிவிடும். எதுவானாலும் கறுப்பில் ஓடும் நீல, ஊதா மினுமினுப்பை ரெஃபரன்ஸ் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் தோற்றத்தையும் நிறங்களையும் காட்டும் மாதிரிப் படம்) நிறமாகவே குறித்துவிடுங்கள். இல்லையென்றால் கமிஷனுக்கு, அதாவது காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக வரைபவர் வெறும் கரியைப் பூசி அனுப்புவார்.

கால் விஷயத்தில் ஒன்றுதான்: பின்பக்கம் மடிவதாகத் தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் வயிற்று இறகுக்குள் இருக்கிறது. பேண்ட் போடுவதானால் இது ரொம்ப முக்கியம்.

பின்னால் ஃபர்சூட் (அந்தக் கதாபாத்திரமாகவே மாறி அணியும் உடை) தைக்கும் எண்ணம் இருந்தால் அலகை இப்போதே கொஞ்சம் குட்டையாக்கிவிடுங்கள். நீண்ட அலகு கீழ்ப்பார்வையை மறைக்கும், படி இறங்க ஆள் துணை வேண்டியிருக்கும்.