ரூக்கி கார்டு என்று எதைச் சொல்வது?

கேள்வி: விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சேகரிப்புக் கார்டுகளில், ஒரு வீரரின் முதல் கார்டுதான் ரூக்கி (புதுமுக) கார்டா, இல்லை அவருடைய முதல் சீசனில் வந்த கார்டா?

இரண்டும் ஒத்துவரும் நேரம் உண்டு, ஒத்துவராத நேரமும் நிறைய. சேகரிப்பவர்கள் பார்ப்பது வேறு: கடையில் யாரும் பாக்கெட் வாங்கிப் பிரிக்கக்கூடிய, உரிமம் பெற்ற வழக்கமான தொகுப்பில் அந்த வீரர் முதன்முதலாக வந்திருக்கிறாரா என்பதுதான். அதாவது, வீரர் எப்போது ஆட வந்தார் என்பதைவிட, கார்டு எப்படி விற்பனைக்கு வந்தது என்பதே முக்கியம்.

மைக்கேல் ஜோர்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்கு வந்த 1984-85 சீசனிலேயே ஸ்டார் நிறுவனம் அவருக்குக் கார்டு போட்டுவிட்டது, அதுவும் முறையான உரிமத்தோடு. ஆனால் அது பாக்கெட்டில் வரவில்லை. அணி அணியாகப் பையில் போட்டு வியாபாரிகள் மூலம் விற்றார்கள். அதனாலேயே அதை எக்ஸ்ஆர்சி (நீட்டித்த ரூக்கி கார்டு) என்று தனியாக ஒதுக்கிவிட்டு, 1986-87 ஃப்ளீர் நிறுவனத் தொகுப்பின் 57-ஆம் எண் கார்டைத்தான் பெரும்பாலோர் ரூக்கி கார்டு என்கிறார்கள். அப்போது ஜோர்டன் ஆடிக்கொண்டிருந்தது மூன்றாவது சீசன்! என்னைக் கேட்டால் ஸ்டார் கார்டுக்கு இது அநியாயம்தான். ஆனாலும் வழக்கம் அப்படி நிலைத்துவிட்டது.

பேஸ்பாலில் 2006-க்குப் பிறகு குழப்பம் குறைந்தது. பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக் அணிக்குள் வந்த பிறகுதான் ஆர்சி (ரூக்கி கார்டு) முத்திரை கிடைக்கும். கார்டின் முன்பக்கத்தில் சின்னதாக இருக்கும், பார்த்தாலே தெரியும். பேஸ்பால் வீரர் மைக் ட்ரவுட்டுக்கு 2009-லேயே போமன் என்ற பெயரில் கார்டுகள் வந்துவிட்டன, ஆனால் முத்திரையோடு வந்தவை டாப்ஸ் நிறுவனத்தின் டாப்ஸ் அப்டேட் போன்ற 2011 கார்டுகள்தான். வேடிக்கை என்னவென்றால், 2020-இல் சுமார் 39 லட்சம் டாலருக்குப் போனது, ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள அந்த 2009 வகைக் கார்டு. சந்தை முத்திரையைப் பார்த்து விலை வைப்பதில்லை.

பழைய பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் கதையும் இதேதான். அவருடைய ரூக்கி கார்டு 1951 போமன். 2022-இல் 1.26 கோடி டாலருக்கு விற்றதோ 1952 டாப்ஸ். அதையும் ரூக்கி என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் வாங்கும்போது அந்த வார்த்தையை மட்டும் நம்பாமல் ஆண்டு, தொகுப்பின் பெயர், கார்டு எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.