பழைய டிசைனர் தையல் பேட்டர்ன்களில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: அறுபது, எழுபது ஆண்டு பழைய தையல் பேட்டர்ன்களை, அதுவும் பெரிய டிசைனர்களின் பெயர் போட்டவற்றை, ஏன் இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறார்கள்? வெறும் காகிதம்தானே? புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

காகிதம்தான், மறுக்கவில்லை. உடையின் ஒவ்வொரு துண்டையும் எந்த வடிவத்தில் வெட்டுவது என்று காட்டும் காகித மாதிரிதான் பேட்டர்ன். அதிலும் வெங்காயத் தோல் போன்ற டிஷ்யூ காகிதம்; மின்விசிறியை நிறுத்தாமல் விரிக்க முடியாது. ஆனால் ஓர் உடை எப்படி வெட்டப்பட்டது என்ற ரகசியம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கவுனைத் தையல் பிரித்துப் பார்க்க யாரையும் விடமாட்டார்கள். பேட்டர்ன் அதைப் பிரித்து வைத்தே உங்கள் கையில் கொடுக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1965 இலையுதிர்கால வரிசையில் பாரிஸ் டிசைனர் ஈவ் சான் லோரான் வெளியிட்ட மோந்திரியான் உடை. டச்சு ஓவியர் பீட் மோந்திரியானின் ஓவியத்தைப் போல வெள்ளைத் தளம், கறுப்புப் பட்டைகள், சிவப்பு, நீல, மஞ்சள் கட்டங்கள். படத்தில் பார்த்தால் நேராகத் தொங்கும் ஒரு சட்டைத் துணியில் கோடு போட்டதுபோல் தெரியும். அச்சிட்ட துணி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக வெட்டி இணைத்த ஜெர்சித் துணி. பெண்ணின் உடல்வாகுக்கு ஏற்ப நம் தையல்காரர்கள் துணியை மடித்துத் தைத்து டாட் பிடிப்பார்களே, அந்த வேலை முழுவதையும் சான் லோரான் கறுப்புப் பட்டைகளின் இணைப்புத் தையலுக்குள் ஒளித்துவிட்டார். உடலோடு பொருந்துகிறது, ஆனால் ஒரு டாட்கூடக் கண்ணில் படாது. 1966இல், ஃபேஷன் பத்திரிகையின் பெயரில் பேட்டர்ன் விற்ற வோக் நிறுவனம் இதை 1557 என்ற எண்ணில் பேட்டர்னாக வெளியிட்டது. இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் துரத்தும் எண்களில் அதுவும் ஒன்று. ஓவியத்துக்காகத் துரத்துகிறவர்களே அதிகம் என்பது என் வருத்தம். வெட்டுக்காகத் துரத்த வேண்டிய பொருள் அது.

நம் ஊரில் அளவு ரவிக்கையைக் கொடுத்தால் போதும், தையல்காரர் சாக்கட்டியால் நேரே துணிமேல் கோடு போட்டு வெட்டிவிடுவார். மிஞ்சினால் பழுப்புத் தாளில் ஒரு பேப்பர் கட்டிங். கடையில் எண் சொல்லி பேட்டர்ன் வாங்கி வீட்டில் தைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பெருந்தொழிலாக வளர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரின் தையல்காரர் எபனேசர் பட்டரிக், 1863இல் பல அளவுகளில் பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பும் பேட்டர்ன்கள் உண்டு. ஆனால் ஒரே அளவில் வரும், பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வாங்கியவர் தலையில் விழும். 1870இல் மெக்கால் என்ற இன்னொரு பேட்டர்ன் நிறுவனம் வந்தது. வோக் பத்திரிகை 1899இல் கூப்பன் வைத்து 50 சென்டுக்குத் தன் முதல் பேட்டர்னை விற்றது.

டிசைனர் பெயர் எப்போது வந்தது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். 1920களிலேயே மெக்கால் நிறுவனம் லான்வான், பாத்தூ போன்ற பாரிஸ் டிசைனர்களின் பெயர்களைப் போட்டு விற்றது. 1930களில் வோக் ‘கூத்தூரியே’ என்று ஒரு விலை உயர்ந்த வரிசையை நடத்தியது. அதில் பாரிஸ் வாசனை உண்டு, எந்த டிசைனரின் பெயரும் கிடையாது. விற்பவர்கள் இதைச் சொல்லாமல் டிசைனர் பேட்டர்ன் என்றே விலை போடுவார்கள், கவனம். உரிமம் பெற்று, பெயரோடு வந்த வோக் பாரிஸ் ஒரிஜினல் வரிசை 1949இல்தான் தொடங்கியது. முதல் சுற்றில் எட்டுப் பேர்: பால்மேன், ஃபாத், ஹைம், லான்வான், மோலினோ, பக்கேன், பிகே, ஸ்கியாபரெல்லி. வாங்குபவர் தைத்து முடித்ததும் உடைக்குள் வைத்துத் தைக்க ஒரு நெய்த லேபிளும் கொடுத்தார்கள். சமையலறை மேசையில் தைத்த கோட்டுக்குப் பாரிஸ் லேபிள்! இன்று அந்த லேபிள் உறைக்குள் அப்படியே இருந்தால் விலை சட்டென்று ஏறிவிடும்.

இவ்வளவு அச்சிட்டும் ஏன் கிடைப்பதில்லை? பேட்டர்ன் என்பது பயன்படுத்தித் தீர்க்கும் பொருள். வெட்டினார்கள், குண்டூசி குத்தினார்கள், கிழிந்தது, குப்பைக்குப் போனது. கடைக்காரரும் விற்காததை வைத்திருக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வோக் நிறுவனம் பிற்காலத்தில் தன் பழைய பேட்டர்ன்களை மறுபதிப்புச் செய்ய நினைத்தபோது, பொதுமக்களிடம் இரவல் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் பல்லாயிரம் பேட்டர்ன்களைத் திரட்டி ஆவணக் காப்பகமாக வைத்திருக்கிறது. காலத்தைக் கண்டுபிடிக்க அதைப்போல் உதவும் இடம் வேறு இல்லை.

காலம் கணிக்க நீங்களே பார்க்கக்கூடிய தடயங்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அளவு எண். 1950களின் நடுப்பகுதி வரை 12 என்றால் மார்பளவு 30 அங்குலம். பிறகு அதே 12 என்பது 32 ஆனது, 1968 முதல் 34 ஆனது. உறையின் பின்பக்கத்தைப் படித்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். தைக்கும் எண்ணத்தோடு வாங்குபவர்கள் இதனால்தான் எண்ணை நம்பக் கூடாது, அங்குலத்தை மட்டும் பார்க்க வேண்டும். உறையில் அச்சிட்ட முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோட் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் அது 1963க்குப் பிந்தியது. டிஷ்யூவில் எழுத்தோ கோடோ இல்லாமல் துளைகளும் வெட்டுக்குறிகளும் மட்டும் இருந்தால் பயந்துவிடாதீர்கள்; அச்சிடும் முறைக்கு மெக்கால் காப்புரிமை வைத்திருந்ததால் மற்றவர்கள் நெடுங்காலம் துளை போட்டே விற்றார்கள். எந்தத் துளை டாட், எந்தத் துளை துணியின் நேர் இழை என்று செய்முறைத் தாளில் விளக்கம் இருக்கும். அந்தத் தாள் இல்லாத பேட்டர்னை நான் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் வாங்குவதில்லை.

வாங்குமுன் துண்டுகளை எண்ணிச் சரிபார்த்தீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். ‘முழுமையாக இருக்கும் என்று நினைக்கிறேன்’ என்ற பதில் வந்தால் பெரும்பாலும் காலர் துண்டோ கைத்துண்டோ காணாமல் போயிருக்கும். கம்பெனி மடிப்புக் கலையாத பிரதிக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் தைக்கப் போகிறவருக்கு, ஒழுங்காக வெட்டி எல்லாத் துண்டும் உள்ள பிரதி போதும், விலையும் குறையும். எதுவானாலும் மூலத்தின்மேல் குண்டூசி வைக்காதீர்கள். வேறு தாளில் நகலெடுத்து அதை வெட்டுங்கள். நம் தட்பவெப்பத்தில் ராமபாணப் பூச்சி முதல் எதிரி. அமிலமற்ற உறையில் போட்டு, ஈரம் ஏறாத மூடியுள்ள பெட்டியில் வைத்து, மழைக்காலத்தில் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

எங்கே தொடங்குவது? புகழ்பெற்ற வோக் எண்களில் வேண்டாம், போட்டி அதிகம். ஸ்பேடியா என்று தேடிப் பாருங்கள். 1950 முதல் அமெரிக்க நாளிதழ்கள் வழியாகத் தபாலில் விற்ற நிறுவனம். உறையில் கவர்ச்சி எதுவும் இல்லை என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே அமெரிக்க டிசைனர் கிளேர் மெக்கார்டெல் போன்றவர்களின் வெட்டு இருக்கும். ஆயத்த ஆடைகளின் அளவுக்கே அவர்கள் பேட்டர்ன் போட்டதால் திருத்த வேலையும் குறைவு. மெக்கார்டெல் பெயர் போட்ட ஒன்று, செய்முறைத் தாளோடு, கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.