சேலம் போர்வெல் தண்ணீரில் மல்டிஃபேசியேட்டஸ், சிமிலிஸ் மீன்கள் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுக் குஞ்சு எடுக்கலாமா?

குஞ்சு எடுக்கலாம். ஒரே தொட்டியில் மட்டும் வேண்டாம். இரண்டுமே ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் சிக்லிட் குடும்பத்து மீன்கள், நெருங்கிய சொந்தம். சிமிலிஸுக்குத் தனிப்பெயர் வந்ததே 1992-ல்தான். சேர்த்து விட்டால் கலப்புக் குஞ்சு வரலாம். அதை என்ன பெயர் சொல்லி அடுத்தவருக்குக் கொடுப்பீர்கள்? வாங்கும்போது தலையைப் பாருங்கள். கோடுகள் செவுள் மூடிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் மல்டி, தலைமேலும் ஏறினால் சிமிலிஸ். பொடிக்குஞ்சில் இது சரியாகத் தெரியாது.

இரண்டடிக்கு ஓரடி தொட்டி, 6 முதல் 8 இளமீன் போதும். சலித்துக் கழுவிய ஆற்றுமணல் இரண்டு அங்குலம். மீனுக்கு மூன்று ஓடு கணக்கு. வயல், குளத்து நத்தை ஓடே நன்றாக வேலை செய்யும். கால் மணி நேரம் கொதிக்கவைத்து, உள்ளே ஒட்டிய சதையைக் கொக்கியால் இழுத்து, ஒரு வாரம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு முகர்ந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் அந்த ஓடு தொட்டிக்குள் போகக்கூடாது. ஓடுகளை அழகாக அடுக்க மெனக்கெடாதீர்கள். வாயால் மணலை அள்ளித் துப்பி, ஓட்டின் வாய் மேலே தெரியும்படி மீன்களே புதைத்துக்கொள்ளும்.

தண்ணீர்தான் முக்கியம். சேலத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினம், பிஎச் 8-ஐ ஒட்டி இருந்தால் இந்த மீனுக்கு அதுவே சொர்க்கம். ஆனால் பிஎச் ஏற ஏற, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷமாகும். புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்; பழி மட்டும் உப்புத் தண்ணீர்மேல். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் கழிவை மாற்றும் பாக்டீரியா வளரும்படி முதலில் நான்கைந்து வாரம் பழக்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடுங்கள். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். கோடையில் ஆவியாகிக் குறைவதை மட்டும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். 25 டிகிரியில் நிறுத்த ஹீட்டர் கட்டாயம். தண்ணீர் மென்மையாக இருந்தால் நொறுக்கிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கம் போடுங்கள்.

முட்டை ஓட்டுக்குள்ளேயே இருப்பதால் கண்ணில் படாது. ஒரு பெண்மீன் ஒரே ஓட்டைவிட்டு நகராமல் நின்றால் சந்தேகப்படுங்கள். பத்து நாள் வாக்கில் ஓட்டின் வாயில் கண்ணிமை மயிர் அளவுக்குக் குஞ்சுகள் எட்டிப்பார்க்கும். அன்றே பொரித்த ஆர்டீமியா (பொடி உப்புநீர் இறால்) ஊட்டினால் போதும், பிரிக்க வேண்டாம், கூட்டமே காக்கும். உறிஞ்சும் பவர் ஃபில்டர் இருந்தால்தான் குஞ்சு காணாமல் போகும்.

பிடிப்பதற்கு ஓட்டை உடைக்காதீர்கள், குலுக்கவும் வேண்டாம். வாளித் தண்ணீருக்கு மேலே ஓட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். உள்ளே தண்ணீர் வடிந்ததும் மீன் தானே வழுக்கி விழும்.