போலீஸ்ல சேரப் போறேன், நீச்சல் தெரியாது. தண்ணியில மூழ்குறவங்களைக் காப்பாத்துற பயிற்சி எல்லாம் குடுப்பாங்களா?

கேட்டவர் கான்ஸ்டபிள் செலக்‌ஷன் ஆகியிருக்கார், நீச்சல் தெரியாதாம், அதனால ட்ரெய்னிங்ல பிரச்சனை வருமான்னு ஒரு பயம். கூடவே, "ஆத்துல யாராவது அடிச்சுட்டுப் போனா போலீஸ் கரையில நின்னு வேடிக்கைதான் பாக்குது, இதுக்குன்னு பயிற்சியே கிடையாதா"ன்னும் கேட்டிருக்கார்.

முதல் பயத்துக்கு ஒரு வரி போதும். பிரச்சனை வராது. நீங்களே பாத்திருப்பீங்க, 1500 மீட்டர் ஓட விட்டாங்க, கயிறு ஏற விட்டாங்க, லாங் ஜம்ப் இல்லைன்னா ஹை ஜம்ப், அப்புறம் 100 இல்லைன்னா 400 மீட்டர், முடிஞ்சுது. தண்ணிப் பக்கமே யாரும் கூட்டிட்டுப் போகல. நீச்சல் தெரியாமலே முழு சர்வீஸையும் முடிச்சு ரிட்டயர் ஆனவங்க எத்தனையோ பேர் இருக்காங்க.

ரெண்டாவது கேள்விக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், ஏன்னா அதுல நான் அடிபட்டவன்.

எனக்கு ஊர் குளித்தலை பக்கம். வாய்க்கால்ல குதிச்சுதான் வளர்ந்தோம், மதகு மேல இருந்து குட்டிக்கரணம் போடுவோம், அதனால நீச்சல்ல நான்தான் ராஜான்னு ஒரு நினைப்பு. சர்வீஸுக்கு வந்து மூணாவது வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஒரு படித்துறையில பந்தோபஸ்து போட்டாங்க. மேட்டூர்ல தண்ணி திறந்து ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. மதியம் ஒரு மணி இருக்கும், ஒரு காலேஜ் பையன் படியில வழுக்கி உள்ள போயிட்டான், அவனைப் பிடிக்க அவன் ஃப்ரெண்ட் குதிச்சான், நான் ஒண்ணுமே யோசிக்கல, பெல்ட், பூட்ஸ் எல்லாத்தோடயும் குதிச்சுட்டேன். முதல் பையன் பக்கத்துல போனதுதான் தாமசம், அவன் என் கழுத்தைக் கட்டிக்கிட்டான் பாருங்க, இருபது வயசுப் பையனுக்கு அவ்ளோ பலம் எங்க இருந்து வருதுன்னு தெரியல, ரெண்டு பேரும் கீழ போறோம், பூட்ஸ் கல்லு மாதிரி இழுக்குது, கண்ணத் தொறந்தா ஒரே செம்மண் கலரு. பரிசல்காரர் ஒருத்தர் துடுப்பை நீட்டி எங்க ரெண்டு பேரையும் இழுத்தார். காப்பாத்தக் குதிச்ச அந்த ஃப்ரெண்ட் மறுநாள் காலையில மூணு கிலோமீட்டர் கீழ கிடைச்சான். இயற்கைக்கு மாறான சாவை விசாரிச்சு எழுதுற 174 கேஸ் பேப்பரை நானே எழுதினேன். இப்ப அது பிஎன்எஸ்எஸ்ங்கிற புதுச் சட்டத்துல 194, நம்பர் மாறிருச்சு, எழுதுற விஷயம் அதேதான். உண்மையைச் சொல்லணும்னா தண்ணி விஷயத்துல சாதாரண ஸ்டேஷன் போலீசுக்கு நல்லாப் பழகின வேலை இந்த பேப்பர் எழுதறதுதான்.

அப்புறம் சில வருஷம் கழிச்சு வெள்ள மீட்புக்குன்னு ஆள் எடுத்தாங்க, பேரு குடுத்தேன். பயிற்சி குடுக்க வந்தவங்க என்டிஆர்எஃப், அதாவது தேசிய பேரிடர் மீட்புப் படை ஆளுங்க, அரக்கோணத்துல இருக்குற 4வது பட்டாலியன்காரங்க. முதல் நாள் எல்லாரும் ஷார்ட்ஸ் போட்டுட்டு ஜம்முன்னு நிக்கிறோம், அவங்க நீச்சல் குளத்துப் பக்கமே போகல. கிரவுண்டுல 15 மீட்டர் தள்ளி ஒரு பிளாஸ்டிக் சேரை வச்சு, கையில கயித்துப் பையைக் குடுத்து எறியச் சொன்னாங்க. த்ரோ பேக்னு சொல்லுவாங்க, சின்ன பைக்குள்ள மிதக்குற கயிறு அடைச்சிருக்கும், ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு பையை எறிஞ்சா கயிறு தானா உருவிட்டே போகும். சேரைத் தாண்டி விழணும், கயிறு சேர் மேல கிடக்கணும். பத்துக்கு ஒண்ணுதான் எனக்கு விழுந்துச்சு. தப்பினா திரும்பப் பையில அடைக்க நேரம் கிடையாது, சுருட்டுனபடியே ரெண்டாவது தடவை எறியணும், அது இன்னும் கேவலமாப் போச்சு. அந்த ஒரு நாள் பூரா இதேதான், தோள்பட்டை வீங்கிருச்சு.

சாயங்காலம் ட்ரெய்னர் சொன்னதுல ரெண்டு விஷயம் இன்னும் காதுல இருக்கு. கயித்தைக் கையில சுத்திக்கவே கூடாது, இடுப்புல கட்டவும் கூடாது. நம்மூர்ல முதல் வேலையா அதைத்தான் செய்வோம், ஆத்து வேகம் இழுத்தா கயித்தோட நீயும் போயிருவ. இன்னொண்ணு, ஆள் கயித்தைப் பிடிச்சதும் கிணத்துல வாளி இறைக்கிற மாதிரி தம் கட்டி இழுக்காத, காலை ஊனி உக்காந்து சும்மா பிடிச்சிரு, தண்ணியே அவனை ஊஞ்சல் மாதிரி கரைக்கு ஒதுக்கிரும். நான் நம்பல. அப்புறம் வாய்க்கால்ல செஞ்சு காட்டினாங்க, நிஜமாவே ஒதுக்குது.

அவங்க மனப்பாடம் பண்ண வச்ச வரிசை இதுதான்: முதல்ல கரையில இருந்து எதையாவது நீட்டு, எட்டலைன்னா கயிறோ மிதக்குறதோ எறி, அதுவும் முடியலைன்னா படகுல போ, நீந்திப் போறது எதுவுமே இல்லாதப்ப, அதுவும் கையில ஒரு மிதவையோட. "லத்தி என்ன அடிக்க மட்டுமா வச்சிருக்க?"ன்னு ஒருத்தர் கேட்டார் பாருங்க, எனக்கு அந்தப் படித்துறை ஞாபகம் வந்து வாயே திறக்கல. அன்னிக்கு என் கையில லத்தி இருந்துச்சு. முதல் பையன் விழுந்த இடம் படியில இருந்து ஒரு ஆள் தூரம்கூட இல்ல.

மூணாவது நாள்தான் குளத்துல இறக்கினாங்க. ட்ரெய்னரே மூழ்குற ஆளா நடிச்சார், நான் போய்ப் பிடிக்கணும், நேரா முன்னாடி போனேன், அப்படியே என் தலை மேல ஏறி உக்காந்துட்டார். விடவே மாட்டேங்கிறார், நடிப்புன்னு தெரியும், இருந்தாலும் எனக்கு உயிர் போற மாதிரி ஆயிருச்சு, கையைப் பிரிக்கப் பிரிக்க இறுக்குறார். மேல வந்ததும் சிரிச்சுக்கிட்டே சொன்னார், பிரிக்காத, நீ இன்னும் கீழ முங்கு, மூழ்குறவனுக்கு மேல வரணும், நீ கீழ போனா அவனே விட்டுருவான். அடுத்த தடவை முங்கினேன், விட்டுட்டார். இவ்ளோதாங்க சூட்சுமம். பின்பக்கமாப் போகணும், நமக்கும் அவனுக்கும் நடுவுல மிதவை இருக்கணும்.

அப்புறம் இன்னொரு விஷயம், சினிமாவுல காட்டுற மாதிரி மூழ்குறவன் கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்தமாட்டான். ஃபிராங்க் பியான்னு அமெரிக்காவுல ஒரு லைஃப்கார்ட் பல வருஷம் கவனிச்சு எழுதி வச்சிருக்கார். மூச்சு விடவே வாய் பத்தாதப்ப எங்க இருந்து கத்துறது? தலை பின்னாடி சாஞ்சிருக்கும், வாய் தண்ணி மட்டத்துல ஏறி இறங்கும், கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணியைக் கீழ அமுக்கும், ஏணி ஏறுற மாதிரி இருக்கும். 20 செகண்டுல இருந்து ஒரு நிமிஷம், அதுக்குள்ள உள்ள போயிருவான். கத்துறவனுக்கு இன்னும் கொஞ்சம் டைம் இருக்குன்னு அர்த்தம், சத்தமே போடாதவனைத்தான் முதல்ல பாக்கணும்.

கரைக்குக் கொண்டு வந்த பிறகு நம்ம ஊர்ல நடக்குற கூத்து தனி. வயித்தை அமுக்குறது, காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்க விட்டுச் சுத்துறது. வயித்தை அமுக்கினா வயித்துல இருக்குறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போகும், அவ்ளோதான் லாபம். மூழ்கினவனுக்கு நெஞ்சு நிக்கிறதே காத்து இல்லாமத்தான், அதனால மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோட வாய் வச்சு மூச்சு குடுக்கணும், அப்புறம் நடுநெஞ்சுல 30 அமுக்கு, 2 மூச்சு, மறுபடி 30. அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கணும், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 வேகம். பொம்மையில ரெண்டு நிமிஷம் செஞ்சு பாருங்க, பரேடு எல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு தோணும்.

இதெல்லாம் எல்லா போலீசுக்கும் குடுக்கிறாங்களான்னா, இல்ல. மாநில பேரிடர் மீட்புப் படையில இருக்குறவங்களுக்கு உண்டு, அவங்க நம்ம சிறப்புக் காவல் படை பட்டாலியன்ல இருந்து போனவங்கதான். 1994ல ஆரம்பிச்ச கடலோர பாதுகாப்புக் குழுமம்ங்கிற நம்ம போலீஸ் பிரிவுல இருக்குறவங்களுக்கு உண்டு, மெரினாவுல அவங்க ஆளுங்க நிப்பாங்க, பாத்திருப்பீங்க. ஆனா தண்ணி வரும்போது முதல்ல அங்க நிக்கிறவன் லோக்கல் ஸ்டேஷன்காரன்தான். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துருச்சு, ரோடே இல்ல, வெளியூர்ப் படையெல்லாம் வந்து சேர்றதுக்குள்ள லோக்கல் ஆளுங்களும் படகைத் தூக்கிட்டு வந்த மீனவர்களும்தான் பாதி வேலையப் பாத்தாங்க. நான் இருந்த ஒரு ஸ்டேஷன்ல லைஃப் ஜாக்கெட் பிரிக்காத கட்டாவே இருந்துச்சு, நாலஞ்சை எலி கடிச்சிருந்துச்சு, ரூம் சாவி ஸ்டேஷன் எழுத்து வேலை பாக்குற ரைட்டர்கிட்ட, ரைட்டர் கோர்ட்டுல. இதுக்கு மேல என்ன சொல்ல.

உங்களுக்கு நான் சொல்றது, ஜாயினிங் தேதிக்கு முன்னாடி பக்கத்துல இருக்குற நீச்சல் குளத்துல ஒரு மாசம் காசு கட்டி மல்லாக்க மிதக்க மட்டும் கத்துக்கங்க, ஸ்டைல் எல்லாம் அப்புறம். பைக் பாக்ஸுல 20 மீட்டர் நைலான் கயிறும் மூடி இறுக்கமா இருக்குற காலி அஞ்சு லிட்டர் எண்ணெய் கேனும் ஒண்ணாக் கட்டிப் போட்டு வைங்க. கேனுக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி விட்டுருங்க, இல்லைன்னா காத்துல பறந்து எங்கயோ போய் விழும், நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

போன ஆடிப் பதினெட்டுக்கு மறுபடி படித்துறை டியூட்டி. பொம்பளைங்க காதோலை கருகமணி வச்சுப் படைச்சுட்டு இருக்காங்க, கீழ்ப்படியில பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன், முடி கண்ணு மேல விழுந்து கிடக்கு, ஒதுக்கக்கூட இல்ல, தலை பின்னாடி சாஞ்சிருக்கு. விளையாடுறான்னுதான் எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. ஓடிப் போய் எறிஞ்சேன், முதல் தடவை கேன் தள்ளி விழுந்துச்சு, சுருட்டி ரெண்டாவது எறிஞ்சேன், கயிறு அவன் தோள் மேலயே விழுந்துச்சு, பிடிச்சுட்டான். நான் படியில உக்காந்து காலை ஊனிக்கிட்டேன், அடுத்த படித்துறையில போய் ஒதுங்கிட்டான். மூச்சு இருந்துச்சு, வாந்தி எடுத்தான், ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன், அதுக்குள்ள எங்க ஏட்டையா வயித்தை அமுக்க சட்டைக் கையை மடிச்சுவிட்டுட்டு வர்றார், "ஏட்டையா, வேணாங்க, 108 வரட்டும்"னு கையைப் பிடிச்சு நிறுத்தினேன். ஒரு மாதிரி முறைச்சார். பையன் நல்லாப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் ஆகணும், நுரையீரல்ல போன தண்ணி சில மணி நேரம் கழிச்சுக்கூட வேலையைக் காட்டும்.

ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது அந்தப் பையனோட தாத்தா என்கிட்ட வந்தார். கும்பிடுவார்னு நினைச்சேன். "ஏம்ப்பா, புள்ள போயிட்டு இருக்கான், நீ குதிக்காம படியில உக்காந்திருந்தியே, நியாயமா?"ன்னு கேட்டார். என்னத்தச் சொல்றது, "சரிங்கய்யா"ன்னு சொல்லிட்டு ஈரக் கயித்தைத் திரும்ப சுருட்ட ஆரம்பிச்சேன், மேல இருந்து அடுத்த கூட்டம் படியிறங்கிட்டு இருந்துச்சு.