கையெழுத்துப் போடுவதற்கு முன்: ஒயின் நிறுவனத்தில் கணவர் விட்டுச்சென்ற பங்கு

கேள்வி: என் கணவரும் அவருடைய அண்ணனும் 2009இல் ஒரு தனியார் நிறுவனம் தொடங்கினார்கள். தென் ஆஸ்திரேலியாவில் மெக்லாரன் வேல் பக்கம் ஒரு குடும்பம் ஆர்கானிக் முறையில் திராட்சை வளர்த்து ஒயின் செய்கிறது. அதை இங்கே சிங்கப்பூரில் இறக்குமதி செய்து உணவகங்களுக்கு விற்பதுதான் தொழில். மொத்தம் ஒரு லட்சம் பங்குகள். அண்ணனுக்கு 60,000, என் கணவருக்கு 40,000. ஒவ்வொரு மார்ச் மாதமும் அறுவடை நேரத்தில் கணவர் அங்கே போய்த் தங்கிவிட்டு வருவார். நான் 11 வருடம் சம்பளம் இல்லாமல் கணக்கு எழுதினேன், லேபிள் ஒட்டினேன். ஒன்பது மாதத்துக்கு முன் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு வயது 16, 11. அண்ணன் மாதம் 2,000 வெள்ளி தருகிறார். இப்போது, "அவன் போனதும் பங்கு நிறுவனத்துக்கே திரும்பிவிட்டது. ஆனாலும் உனக்கு 40,000 வெள்ளி தருகிறேன், இதில் கையெழுத்துப் போடு" என்கிறார். அடுத்த மாதம் கூட்டம் போட்டு அவர் மகனுக்கு ஒரு லட்சம் புதிய பங்குகள் கொடுக்கப் போகிறார்களாம். தோட்டத்துக் குடும்பமோ, "உன் கணவரை நம்பித்தான் சிங்கப்பூருக்கு அனுப்பினோம். நீ தனியாக ஆரம்பித்தால் உனக்கே அனுப்புகிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் என்ன செய்வது? — பொங்கோல் வாசகி

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் கெட்டவர் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. அந்தப் பங்கு உங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல, அதனால்தான் சொல்கிறேன்.

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து எப்படிப் பிரிய வேண்டும் என்பதற்கு இங்கே 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அப்படியானால் கணவரின் 40,000 பங்குகளில் 20,000 உங்களுடையது, ஆளுக்குப் பத்தாயிரம் பிள்ளைகளுடையது. (முஸ்லிம் வாசகர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி ஷரியா நீதிமன்றம் வாரிசுச் சான்றிதழ் தரும்.) சொத்தை நிர்வகிப்பவர் பிள்ளைகளின் பங்கை அவர்களுக்காகப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டியவர். அதைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்கு உங்கள் பிள்ளைகளே உங்களிடம் கணக்குக் கேட்க முடியும். அண்ணனிடம் நேருக்கு நேர் மறுத்துப் பேசத் தயக்கமாக இருந்தால் இதையே சொல்லுங்கள்: "இது பிள்ளைகளின் சொத்து, நான் தனியாக முடிவெடுக்க முடியாது." அது முழு உண்மை.

இன்னொன்று. இன்றைய நிலையில் நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் கணவரின் பங்கை மாற்ற அதற்குச் சட்டப்படி வலு இல்லை. நிர்வாக அதிகாரப் பத்திரத்தை, அதாவது வழக்கறிஞர்கள் 'எல்.ஏ.' என்று சொல்வதை, நீதிமன்றத்திடமிருந்து இன்னும் நீங்கள் வாங்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. உயில் இல்லாதபோது அந்தப் பத்திரம் கைக்கு வரும்வரை கணவரின் பங்கை விற்கவோ மாற்றவோ யாருக்கும் அதிகாரம் கிடையாது. முதல் உரிமை மனைவியான உங்களுக்குத்தான். ஆனால் 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருப்பதால், தனி ஆட்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆளாகக் கணவரின் அண்ணனைப் போடாதீர்கள். வாங்குபவராகவும் விற்பவராகவும் ஒரே ஆள் இருக்க முடியாது. உங்கள் உடன்பிறந்தவரோ, நம்பிக்கையான ஒரு பெரியவரோ போதும். இறந்து ஆறு மாதம் தாண்டிவிட்டதால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். துக்கத்தில் இருந்தேன் என்பதை நீதிமன்றம் புரிந்துகொள்ளும், ஆனால் இன்னும் தள்ளிப்போடாதீர்கள். 2008 பிப்ரவரி 15 முதல் இறந்தவர் சொத்துக்கு வரி கிடையாது, அந்தப் பயம் வேண்டாம். மசேநி (மத்திய சேமநிதி) பணம் இந்தச் சொத்தில் சேராது, அதன் வழி தனி.

"பங்கு நிறுவனத்துக்கே திரும்பிவிட்டது" என்பது பொதுவாகச் சரியல்ல. பங்கு என்பது சொத்து, அது வாரிசுகளுக்குப் போகும். ஒருவர் இறந்தால் மற்றவருக்கு விற்க வேண்டும் என்று நிறுவனத்தின் அமைப்பு விதிகளிலோ, அண்ணனும் தம்பியும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்திலோ இருந்தால் மட்டும் வேறு கதை. அப்படி இருந்தாலும் விலை எப்படிக் கணக்கிடப்படும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அண்ணன் சொல்வதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: பங்கு ஏற்கெனவே திரும்பிவிட்டது என்றால், அதற்கு ஏன் உங்கள் கையெழுத்தும் 40,000 வெள்ளியும்? நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான 'அக்ரா'வின் பிஸ்ஃபைல் தளத்தில் 5.50 வெள்ளி கட்டினால் நிறுவனத்தின் விவரத்தாள் கிடைக்கும். யார் இயக்குநர், யார் பெயரில் எத்தனை பங்கு என்று அதில் தெரியும். அமைப்பு விதிகளையும் அங்கேயே வாங்கலாம். இன்றிரவே செய்யலாம்.

அடுத்து அந்தக் கூட்டம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். இன்று உங்கள் பக்கம் 40 விழுக்காடு இருக்கிறது. நிறுவனத்தின் விதிகளை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு 75 விழுக்காடு வாக்கு தேவை. அண்ணனால் தனியாக அதைச் செய்ய முடியாது. மகனுக்கு ஒரு லட்சம் புதிய பங்கு வந்துவிட்டால் மொத்தம் இரண்டு லட்சம் ஆகும், உங்கள் 40,000 வெறும் 20 விழுக்காடாகிவிடும், தகப்பனும் மகனும் சேர்ந்து 80. அப்புறம் எந்த விதியையும் அவர்கள் மாற்றலாம். புதிய பங்கு வெளியிடப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும் என்று நிறுவனச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், அது அண்ணனிடம் இருக்கிறது. அதனால் கூட்டத்தில் தோற்போம். ஆனால் கதை அங்கே முடியாது.

நிறுவனச் சட்டத்தின் 216ஆம் பிரிவு சிறுபான்மைப் பங்குதாரரைப் பாதுகாப்பதற்கென்றே இருக்கிறது. பெரும்பான்மை கையில் இருக்கிறது என்பதற்காக மற்றவரின் நலனை நியாயமில்லாமல் நசுக்க முடியாது. 'ஓவர் அண்ட் ஓவர்' எதிர் 'பான்வெஸ்ட்ஸ்' வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அங்கேயும் நம்பிக்கையில் தொடங்கிய தொழில்தான். சிறுபான்மையின் பங்கைக் கரைக்கும் விதமான புதிய பங்கு வெளியீடு, நீதிமன்றம் அநீதியென்று கண்ட செயல்களில் ஒன்று. அண்ணன் தம்பி ஆரம்பித்த நிறுவனத்தில் எல்லாமே தாளில் எழுதியிருக்காது, வாய்வார்த்தைப் புரிதலும் கணக்கில் வரும் என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. உங்களுக்கு முக்கியமான இன்னொரு வரி அந்தப் பிரிவிலேயே இருக்கிறது: உறுப்பினராகப் பதிவாகாவிட்டாலும், சட்டப்படி பங்கு வந்து சேர்ந்தவர் இந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போடலாம். அண்ணன் உங்கள் பெயரைப் பதியாமல் இழுத்தடித்தாலும் கதவு மூடாது. ஆனால் எல்.ஏ. வேண்டும். கூட்டத்துக்கு முன் அது வராது என்று தெரிந்தால், சொத்தைக் காப்பாற்ற மட்டும் தற்காலிக அதிகாரம் கேட்டு அவசரமாக விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் வழக்கறிஞர் மூலம் அண்ணனுக்கு ஒரு கடிதம்: எல்.ஏ. வரும்வரை புதிய பங்கு வெளியிடுவதில்லை என்று எழுதித் தாருங்கள். பல நேரம் இந்த ஒரு கடிதமே போதுமானதாக இருக்கும்.

சரி, விலை? 40,000 வெள்ளி என்றால் ஒரு பங்குக்கு ஒரு வெள்ளி. அது 2009இல் போட்ட முதலாக இருக்கலாம், இன்றைய மதிப்பல்ல. கிடங்கில் இருக்கும் சரக்கு, உணவகங்கள் தர வேண்டிய பாக்கி, 15 வருட வாடிக்கை எல்லாம் சேரும். சரக்கைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒயினுக்கு இங்கே ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி தீர்வை. 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லி புட்டிக்கு அது 8.58 வெள்ளி, அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. தீர்வை கட்டாமல் உரிமம் பெற்ற கிடங்கில் வைத்திருக்கும் 600 புட்டிக்கும், கட்டி எடுத்து வந்த 600 புட்டிக்கும் தீர்வையிலேயே ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம். கணக்கு எழுதியவர் நீங்கள், உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். சிறிய நிறுவனம் என்பதால் தணிக்கை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் 5 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் உறுப்பினர், நிதியாண்டு முடிய ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டால் தணிக்கை செய்தாக வேண்டும். உங்கள் பெயர்கள் பதிவானதும் இதைக் கேளுங்கள்.

மாதம் 2,000 வெள்ளி என்னவென்று யாரும் சொல்லவில்லை, இல்லையா? ஈவுத்தொகையா, உதவியா, கடனா? பிறகு 'கடனாகக் கொடுத்தேன்' என்று விலையில் கழித்துவிடக் கூடாது. "மாதந்தோறும் தரும் பணத்துக்கு நன்றி. இது பங்குக்கான விலையோ கடனோ இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் அனுப்பி வையுங்கள். நிறுவனக் கடனுக்குக் கணவர் வங்கியில் சொந்த உத்தரவாதம் கொடுத்திருந்தால் அந்தப் பொறுப்பு அவருடைய சொத்தோடு நிற்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டிராவிட்டால் உங்கள் சம்பாத்தியத்தைத் தொடாது. கணவர் இடத்தில் உங்களை உத்தரவாதம் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

உங்கள் 11 வருட உழைப்பைப் பற்றி எழுதும்போது எனக்கே மனம் கனக்கிறது. வேலைச் சட்டத்தின் கீழ் பழைய சம்பளம் கேட்பது கடினம். சம்பளம் என்று ஒன்று பேசவே இல்லை, அதோடு அந்தக் கோரிக்கைக்குக் காலக்கெடு குறுகியது: வேலையில் இருந்தால் பிரச்சினை தொடங்கி ஒரு வருடம், வேலையை விட்டிருந்தால் ஆறு மாதம். வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பொதுவான உச்சவரம்பும் 20,000 வெள்ளிதான். ஆனால் உழைப்பு வீணாகவில்லை. இது வெறும் முதலீடு இல்லை, இரண்டு குடும்பங்கள் கூடி நடத்திய தொழில் என்பதற்கு 216ஆம் பிரிவு வழக்கில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தோட்டத்துக் குடும்பத்தின் கடிதத்துக்கு வருவோம். அவர்களின் அன்பு உண்மையானது, அதை அவசரத்தில் வீணாக்க வேண்டாம். சிங்கப்பூரில் விற்கும் ஏற்பாடு, மின்னஞ்சலில் மட்டுமே இருந்தாலும், உங்கள் கணவருடையதல்ல, நிறுவனத்துடையது. அவர்கள் உரிய அவகாசம் கொடுத்து அதை நிறுத்திக்கொள்ளலாம், அது அவர்கள் முடிவு. நீங்கள் தூண்டி நிறுத்த வைத்தால் ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டியதாக உங்கள்மேல் வழக்கு வரலாம். நீங்கள் இயக்குநர் இல்லை, போட்டித் தொழில் செய்யமாட்டேன் என்று எழுதியும் கொடுக்கவில்லை என்றால், பிறகு தனியாகத் தொடங்கத் தடையில்லை. ஆனால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையும் விலைப்பட்டியலையும் கணினியிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதும் நல்லதல்ல: ஒரு கையால் நிறுவனத்தில் பங்கு கேட்டுக்கொண்டே மறுகையால் அதன் சரக்கை இழுத்தால், உங்கள் பங்கின் மதிப்பே குறையும், நீதிபதியின் அனுதாபமும் குறையும். தொடங்குகிற நாள் வந்தால் உங்கள் பெயரில் புதிதாக மது விற்பனை உரிமம் தேவையா என்று முதலில் விசாரியுங்கள். லேபிளில் இறக்குமதியாளர் பெயர் மாற வேண்டும். 'ஆர்கானிக்' என்று போட, உரிய சான்றிதழ் தோட்டத்திடம் இருப்பதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உணவு விதிமுறைகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. இப்போதைக்கு அவர்களுக்கு இப்படி எழுதினால் போதும்: "கணவரின் சொத்து விவகாரம் முடியட்டும், அதுவரை வழக்கம்போல நிறுவனத்துக்கே அனுப்புங்கள்."

வழக்கு கடைசி வழி. உயர் நீதிமன்ற விசாரணை என்றால் இந்த அளவு நிறுவனத்தின் மதிப்பில் கணிசமான பகுதி செலவிலேயே போய்விடும். சிங்கப்பூர் சமரச மையத்தில் ஒரு நாள் உட்காருங்கள். இரண்டு பக்கமும் சாராத மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்கு அண்ணன் வாங்கிக்கொள்வது, அல்லது மெக்லாரன் வேல் ஒயினை மட்டும் உங்களிடம் விட்டு மீதியை அவர் நடத்துவது என்று நீதிமன்றம் எளிதில் தராத தீர்வுகள் அங்கே கிடைக்கும். இரண்டு பக்கமும் சம்மதித்தால் அந்த உடன்பாட்டை 2017ஆம் ஆண்டுச் சமரசச் சட்டத்தின் கீழ் நீதிமன்ற ஆணையாகவே பதிவு செய்யலாம்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பிஸ்ஃபைல் தாள், கையெழுத்துப் போடாத அந்தத் தாள், கூட்ட அறிவிப்பு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கணவர் தோட்டத்துக்காரர்களோடு அறுவடையில் நிற்கும் படங்களையும், நீங்கள் கையால் எழுதிய கணக்கு நோட்டுகளையும் மறக்காதீர்கள். நோட்டுகளை இப்போதே படம் பிடித்து வையுங்கள். அவை நிறுவனத்துடையவை என்று அண்ணன் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

(இது பொதுவான விளக்கம். உங்கள் ஆவணங்களைப் பார்த்த ஒரு வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று ஆகாது.)